மைசூர்ப் பாறைகளும் நிலவியல் வரைபடமும்

மாவட்ட அலுவலகங்களின் சுவர்களில் பல வண்ணங்கள் தீட்டிய நிலவியல் வரைபடம் ஒன்று தொங்குவதைப் பலரும் கண்டிருப்பர். இளஞ்சிவப்பு ஒரு பாறையைக் குறிக்கும். பச்சை வேறொன்றைக் குறிக்கும். இரு வண்ணங்களும் சந்திக்குமிடத்தில் மெல்லிய கருங்கோடு ஒன்று ஓடும். எங்கே ஆழ்துளைக் கிணறு தோண்டலாம், எந்தச் சரிவில் சாலை அமைக்கலாம், எந்த நிலத்தைக் கற்குவாரிக்கு ஒதுக்கலாம் என்னும் முடிவுகள் பலவற்றுக்கு அக்கோடே ஆதாரமாகிறது. ஆனால் அது எவ்வாறு பிறந்தது, அதை வரைந்தவர் அவ்விடத்தில் பாறையைக் கண்ணால் கண்டாரா, அல்லது இருக்கலாம் என்று கருதினாரா என்று கேட்போர் மிகச் சிலரே. மாணவர்க்கும் அலுவலர்க்கும் அக்கேள்வி ஒருங்கே உரியது என்பதால், கோடு பிறக்கும் களத்துக்கே சென்று பார்ப்போம்.

அதற்கு மைசூரைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 1851-இல் தோன்றியது. மைசூர் சமஸ்தானம் 1894-இல் தனக்கெனத் தனியே ஒரு நிலவியல் துறையை நிறுவிக்கொண்டது. அதன் முதல் தலைவரான ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்ததால் தமிழ் மக்களுக்கு நன்கு அறிமுகமானவர். அவர் சமஸ்தானத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்து குறிப்புகள் எழுதினார். அவருக்குப் பின் ஸ்மீத், சம்பத் ஐயங்கார், ராமராவ், பிச்சமுத்து, ராதாகிருஷ்ணா ஆகியோர் அப்பணியைத் தொடர்ந்தனர். களத்தில் இன்றும் நிலவியலாளர் கையிலுள்ள பிரண்டன் திசைகாட்டி அமெரிக்காவில் காப்புரிமை பெற்றதும் அதே 1894-ஆம் ஆண்டில்தான். இது தற்செயலேயாயினும் நினைவில் நிற்கும் பொருத்தம்.

புறப்படுமுன்

வரைபடப் பணியின் முதற்பகுதி மேசையின் முன் நடைபெறுகிறது. இந்திய நில அளவைத் துறை வெளியிட்ட 1:50,000 அளவுத் தாளே அடிப்படைப் படம். பழைய வரிசை எண்களின்படி மைசூர் நகரம் 57 டி/11 என்னும் தாளிலும், நஞ்சன்கூடு 57 டி/12 என்னும் தாளிலும் அமைகின்றன. ஒவ்வொரு தாளும் அட்சரேகையிலும் தீர்க்கரேகையிலும் 15 நிமிடப் பரப்பைக் காட்டுகிறது. அதாவது ஏறத்தாழ 750 சதுர கிலோமீட்டர். தாளில் ஒரு சென்டிமீட்டர் நிலத்தில் 500 மீட்டர். ஒரு மில்லிமீட்டர் 50 மீட்டர். இந்தக் கடைசிக் கணக்கை மாணவர் தம் குறிப்பேட்டின் முதற்பக்கத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது. நன்கு சீவிய பென்சிலின் அரை மில்லிமீட்டர்க் கோடுகூட நிலத்தில் 25 மீட்டர் அகலத்தை விழுங்கிவிடுகிறது.

சாமுண்டி மலை முதல் தாளின் தெற்கு ஓரத்தை ஒட்டியும், அதற்குத் தெற்கே உள்ள சிந்துவள்ளி அடுத்த தாளிலும் விழுகின்றன. ஒரு தாளை ஒருவரும் மற்றதை வேறொருவரும் வரைந்தால், ஓரத்தில் எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்தாமற் போவது உண்டு. இயற்கைக்கு அட்சரேகை தெரியாது. ஆகவே தாளின் விளிம்போடு நின்றுவிடாமல் சிறிது தொலைவு அப்பாலும் சென்று பார்ப்பது முறை.

முன்னோர் அறிக்கைகளையும், வான்வழிப் படங்களையும், செயற்கைக்கோள் படங்களையும் பார்த்துத் தற்காலிகமான ஒரு படத்தை வரைந்துகொள்ளலாம். மேலிருந்து எடுத்த படத்தில் கருங்கல் குன்றுகளும், நேர்கோடாக ஓடும் டைக் பாறைகளும் தெளிவாகத் தெரியும். எனினும் அது வினாத்தாளே, விடைத்தாள் அன்று. ஹெக்கடதேவன்கோட்டை வட்டத்தைப் போலக் காடு அடர்ந்த பகுதிகளுக்கு வனத்துறையின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். மழை ஓய்ந்து புதர்கள் வாடும் மாதங்களே களப்பணிக்கு உகந்தவை.

களத்தில்

சுத்தியல், பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைக்கண்ணாடி, சாய்வுமானியுடன் கூடிய திசைகாட்டி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் அடங்கிய சிறு குப்பி, காந்தம், மெருகிடாத பீங்கான் துண்டு, மாதிரிப் பைகள், குறிப்பேடு ஆகியவையே முக்கியக் கருவிகள். நாம் நிற்கும் இடத்தைப் படத்தில் குறிப்பது முதல் வேலை. இப்போது செயற்கைக்கோள் இடங்காட்டிக் கருவி சில மீட்டர் துல்லியத்துக்கு அதைச் சொல்லிவிடுகிறது. ஆயினும் சாமுண்டி மலையின் உச்சி, ஏரிக்கரையின் முனை, கோயில் கோபுரம் என்று மூன்று அடையாளங்களைத் திசைகாட்டியால் நோக்கி, அக்கோடுகள் வெட்டும் புள்ளியில் தம் இடத்தைக் கண்டுபிடிக்கும் பழைய முறையை மாணவர் கற்றே ஆக வேண்டும் என்பது என் கருத்து. மின்கலம் தீர்ந்துவிடும் என்பதற்காக மட்டும் அன்று. அம்முறையில் பழகியவர் நிலத்தைப் படிக்கிறார். கருவியை மட்டும் நம்புபவர் எண்ணைப் படிக்கிறார்.

அடுத்து, பாறையின் கிடக்கையை அளக்க வேண்டும். ஓட்டுக் கூரை ஒன்றை எண்ணிக்கொண்டால் இது எளிதில் விளங்கும். கூரையின் முகடு ஓடும் திசையே பாறையின் கிடைத்திசை. ஸ்டிரைக் என்று நிலவியலாளர் கூறுவது இதனையே. மழைநீர் வழியும் பக்கமும், கூரை கிடைமட்டத்திலிருந்து இறங்கும் கோணமும் அதன் சாய்வு. படத்தில் ஒரு சிறு கோடும் அதன் நடுவே ஒரு குறுங்கோடும் ஓர் எண்ணும் இட்டு இதைக் காட்டுவர். தென் கர்நாடகத்தில் பாறைகளின் கிடைத்திசை பெரும்பாலும் வடக்கு தெற்காகவோ, சற்று வடமேற்கு தென்கிழக்காகவோ அமைகிறது. எனவே நடைபாதை கிழக்கு மேற்காக, பாறைகளைக் குறுக்கே வெட்டிச் செல்லுமாறு அமைய வேண்டும். கிடைத்திசையோடு ஒட்டியே நடப்பவர் நாள் முழுதும் ஒரே பாறையைக் கண்டு மாலையில் வெறுங்கையுடன் திரும்ப நேரும்.

சுத்தியலையும் காந்தத்தையும் திசைகாட்டியிடமிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் பாறையே காந்தமாக இருந்தால் என் செய்வது? மாக்னடைட் மிகுந்த பாறைகளின்மேல் முள் வழிதவறும். அத்தகைய இடத்தில் தொலைவிலுள்ள அடையாளங்களைக் கொண்டே திசையை நிறுவ வேண்டும்.

குறிப்பேட்டில் எழுதும் முறைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. இட எண், நிற்குமிடம், பாறையின் பெயர், அதன் கனிமங்கள், கிடைத்திசை, சாய்வு, மாதிரி எண் என்பனவற்றை அங்கேயே நின்று எழுத வேண்டும். கண்டவற்றை ஒரு பக்கத்திலும், கருதியவற்றை எதிர்ப்பக்கத்திலும் எழுதுவது மிக நல்ல பழக்கம். பத்து ஆண்டு கழித்து வருபவர் கருத்தை மறுக்கலாம். காட்சியை அவர் பயன்படுத்திக்கொள்வார். இரண்டும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிட்டால் இரண்டுமே பயனற்றுப் போகும். பென்சிலால் இட்ட குறிகளுக்கு அன்றிரவே மையிட்டுவிட வேண்டும். வியர்வை பட்டுக் கலைந்த கோட்டை மறுநாள் நினைவிலிருந்து வரைவது வரைபடப் பணியாகாது.

பாறை தெரியாத இடத்தில்

பாடநூலில் பாறைகள் எங்கும் வெளிப்பட்டுக் கிடக்கும். மைசூர்ச் சமவெளியிலோ பெரும்பகுதி நிலத்தை மண் மூடியிருக்கிறது. அங்கே சான்றுகளைத் தேட வேண்டும். நைஸ் பாறையின்மேல் செம்மணல் கலந்த மண் உண்டாகும். கருநிற ஆம்பிபோலைட்டின்மேல் மண்ணின் நிறமும் கனமும் மாறும். திறந்த கிணறுகளைச் சுற்றிக் குவிந்த கற்கள், ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது வெளிவந்த தூள், ரயில்பாதைக்காக வெட்டிய பள்ளம், கால்வாய்க் கரை, கறையான் புற்றின் மண் ஆகிய யாவும் கீழே உள்ள பாறையைப் பற்றிச் சாட்சி சொல்கின்றன. ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர் நிலத்தடி நீரைக் கண்டறியப் புற்றை ஓர் அடையாளமாகக் கூறியிருப்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

ஊர் மக்களின் சொற்களும் சான்றே. கன்னடத்தில் பிளி கல்லு என்றால் வெள்ளைக் கல். கரி கல்லு என்றால் கறுப்புக் கல். பளபத கல்லு என்று ஒரு முதியவர் சொன்னால் நிலவியலாளர் உடனே செவிசாய்க்க வேண்டும். பளபம் என்பது நாம் பலப்பம் என்று வழங்கும் சிலேட்டுக் குச்சி. நகத்தால் கீறக்கூடிய மாக்கல்லையே அப்பெயர் குறிக்கிறது. சோமநாதபுரத்தில் ஹொய்சளச் சிற்பிகள் நுண்ணிய வேலைப்பாட்டுக்குத் தேர்ந்துகொண்டதும் இவ்வகை மெதுகல்லே. மெக்னீசியம் மிகுந்த பழம்பாறைகள் மாறுதலுற்று மாக்கல்லாவது உண்டு. எனவே அச்சொல்லைத் தொடர்ந்து சென்றால் குரோமைட் தங்கும் பாறைவரிசையை எட்டவும் கூடும்.

புதியவர் செய்யும் பெரும்பிழை, உருண்டு வந்த கல்லை வேரூன்றிய பாறையாகக் கொள்வது. சாமுண்டி மலையடிவாரத்தில் இது எளிதில் நேரும். மலை சுமார் 80 கோடி ஆண்டு வயதுடைய கிரானைட்டால் ஆனது. சுற்றிலும் உள்ள நைஸோ 300 கோடி ஆண்டுகளையும் கடந்த முதுபாறை. சரிவில் உருண்ட கிரானைட் பாறாங்கற்கள் அடிவாரத்து நைஸை மூடிக் கிடக்கும். அவற்றை நம்பி எல்லையிட்டால் மலை வரைபடத்தில் உண்மையைவிடப் பருத்துவிடும். கல் அசைகிறதா, அதன் வெடிப்புகள் அண்டைப் பாறையின் வெடிப்புகளோடு ஒத்த திசையில் உள்ளனவா, அடியில் மண் தெரிகிறதா என்று பார்த்த பிறகே குறிக்க வேண்டும். இது வெறும் ஏட்டுக் கவலை அன்று. 2021 அக்டோபரில் பெய்த கனமழையில் அம்மலையில் நந்திக்குச் செல்லும் சாலையின் ஒரு பகுதி சரிந்தது. திண்ணிய பாறை எங்கே முடிகிறது, தளர்ந்த கல்லும் மண்ணும் எங்கே தொடங்குகின்றன என்னும் எல்லையைச் சாலைப் பொறியாளர் அறிந்திருக்க வேண்டிய இடம் அது.

எல்லையைத் தொடர்ந்து நடத்தல்

குறுக்கு நடைகளில் ஆங்காங்கே பாறை மாறும் புள்ளிகள் கிடைக்கும். அப்புள்ளிகளை அறையில் அமர்ந்து இணைத்துவிடுவது எளிது. ஆனால் இரு நடைகளுக்கிடையே எல்லை வளைந்திருக்கலாம். பிளவு ஒன்றால் துண்டுபட்டு நகர்ந்திருக்கலாம். ஆகவே முக்கியமான எல்லையை அதன் போக்கிலேயே நடந்து தொடர வேண்டும். ஒரு வயலில் இப்பாறை, அடுத்த வரப்பில் அப்பாறை என்று இருபுறமும் மாறி மாறிக் கால் வைத்துச் செல்லும் இந்த நடையே பணியின் உயிர்நாடி.

சாமுண்டி மலையிலிருந்து தெற்கே நஞ்சன்கூடு செல்லும் வழி இதற்கு நல்ல பயிற்சிக் களம். கிரானைட்டையும் நைஸையும் கடந்தபின், சிந்துவள்ளிப் பக்கத்தில் மெக்னீசியம் மிகுந்த டியூனைட் முதலிய பாறைகள் குறுகிய பட்டைகளாக வருகின்றன. இங்குக் குரோமைட் வெட்டி எடுக்கப்பட்டுள்ளது. தொட்டகன்யா அருகே மாக்னசைட்டும் உண்டு. குரோமைட்டும் மாக்னடைட்டும் கறுத்துக் கனத்திருப்பதால் புதியவர் கண்ணுக்கு ஒன்றே போல் தோன்றும். பீங்கான் துண்டில் உரசினால் முன்னது பழுப்புக் கீற்றும், பின்னது கருங்கீற்றும் இடும். வெண்ணிற மாக்னசைட்டோடு குழப்பம் விளைப்பது நிலமெங்கும் காணப்படும் சுக்கான்கல். அதன்மேல் ஒரு துளி அமிலம் விட்டால் நுரைக்கும். மாக்னசைட் குளிர்ந்த அமிலத்தில் நுரைப்பதில்லை. இவ்வளவு எளிய சோதனைகளால் தீரும் ஐயத்தைத் தீர்க்காமல் வந்தால், கனிமம் இல்லாத நிலத்தில் துளையிட்டுப் பொதுப்பணம் வீணாகும். கனிமம் உள்ள நிலம் வீட்டுமனைகளின் அடியில் மறைந்துபோகும்.

எல்லா எல்லையும் கோடாக இராது என்பதையும் சொல்ல வேண்டும். முன்னர் ராமநகர மாவட்டம் எனப்பட்ட பகுதியிலுள்ள கப்பால்துர்காவில் சாம்பல்நிற நைஸ் சிறிது சிறிதாகக் கருமையுற்றுச் சார்னோகைட்டாக மாறுவதை ஒரே பாறை முகத்தில் காணலாம். பிச்சமுத்து 1960-இல் நேச்சர் இதழில் இதை உலகுக்கு அறிவித்தார். இத்தகைய இடத்தில் கூரிய கோடு ஒன்றை இழுப்பது பொய் சொல்வதற்குச் சமம். மாறும் மண்டலம் என்று பட்டையாகக் காட்டுவதே சரி.

எது மூத்தது?

எல்லையில் நின்று பார்ப்பதன் அருமையை விளக்க மைசூர் நிலவியலின் நெடுநாள் வழக்கு ஒன்று போதும். தார்வார் நகரின் பெயரால் ஃபூட் தார்வார் வரிசை என்றழைத்த சிஸ்ட் பாறைகள் மூத்தவையா, அவற்றைச் சூழ்ந்த நைஸ் மூத்ததா? ஸ்மீத் 1916-இல் வெளியிட்ட மைசூர் நிலவியல் வரலாற்றுச் சுருக்கத்தில் சிஸ்ட் பாறைகளே மூத்தவை என்றார். தீபகற்ப நைஸ் என்று தாம் பெயரிட்ட பாறை, பின்னாளில் உருகிய குழம்பாக அவற்றுக்குள் புகுந்தது என்பது அவர் கருத்து. நைஸுக்குள் சிஸ்ட் துண்டுகள் சிக்கிக் கிடப்பதை அவரும் துறையினரும் களத்தில் கண்டிருந்தனர். சிக்கிய துண்டு, சிக்கவைத்த பாறையைவிட மூத்ததாகத்தானே இருக்க வேண்டும்? மறுதரப்பினர் வேறு இடங்களில் நைஸின்மேல் கூழாங்கல் படிவம் படிந்திருப்பதைக் காட்டினர். அடித்தளம் பழையது, மேலே படிந்தது புதியது என்பது அவர்கள் வாதம். அக்கூழாங்கற்கள் நீர் உருட்டியவை அல்ல, அழுத்தத்தில் நொறுங்கியவை என்று ஸ்மீத் தரப்பினர் விடையிறுத்தனர். பல பத்தாண்டுகள் இவ்வாறு கழிந்தன.

தீர்வு எல்லைகளை மீண்டும் நடந்து பார்த்ததில் கிடைத்தது. மைசூர் மாவட்டத்துச் சரகூரைச் சுற்றிய சிஸ்ட், குவார்ட்சைட், சலவைக்கல், மெக்னீசியப் பாறை ஆகியவை நைஸுக்குள் துண்டுகளாகச் சிதறிக் கிடக்கின்றன, அவை பழையவை. பாபாபுடன் மலைத்தொடரின் அடியிலோ நைஸின்மேல் குவார்ட்சுக் கூழாங்கல் படிவம் அமர்ந்திருக்கிறது. அதற்கு மேலுள்ள வரிசை புதியது. 1976-இல் சுவாமிநாத், ராமகிருஷ்ணன், விஸ்வநாதா ஆகிய மூவரும் பழையதைச் சரகூர்த் தொகுதி என்று தனியே பிரித்து நிறுவினர். இரு தரப்பினரும் கண்டது பொய்யன்று. ஒரே வண்ணத்தில் தீட்டிய சிஸ்டுகள் இரு வேறு காலத்தவை என்பதே மறைந்திருந்த செய்தி. கதிரியக்க முறையில் வயதைக் கணிக்கும் ஆய்வுகளும் பின்னர் இப்பிரிவுக்குத் துணை நின்றன. ஆய்வகத்துக்கு எந்தக் கல்லை அனுப்புவது என்று முடிவு செய்ததோ களத்தில் வரைந்த படமே.

முழுக்கோடும் துண்டுக்கோடும்

படத்தைப் பயன்படுத்தும் அலுவலர்க்குச் சில சொற்கள். பாறை எல்லையைக் கண்ட இடத்தில் முழுக்கோடும், ஊகித்த இடத்தில் துண்டுக்கோடும், மண்ணால் மூடிய இடத்தில் புள்ளிக்கோடும் இடுவது மரபு. அலுவலகங்களில் நகலெடுக்கும்போது இவ்வேறுபாடு அழிந்து யாவும் முழுக்கோடாகிவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். வரைந்தவரின் நேர்மை நகலெடுப்பவரின் அவசரத்தில் தொலைந்து போகிறது.

அதைவிடப் பெரிய ஆபத்து உருப்பெருக்கம். 1:50,000 அளவில் ஆய்வுத் துறையின் முறையான வரைபடப் பணி நாட்டின் பெரும்பகுதியில் முடிந்துவிட்டது. பூகோஷ் இணையதளத்தில் அப்படங்களை எவரும் பெறலாம். கணினித் திரையில் அதைப் பெரிதாக்கிக் கிராமப் புலப்படத்தின்மேல் பொருத்துவதும் இப்போது எளிது. ஆனால் படம் பெரிதானதால் செய்தி பெரிதாவதில்லை. முன்னர்ச் சொன்ன கணக்கின்படி, கோடு ஒரு மில்லிமீட்டர் விலகினால் நிலத்தில் 50 மீட்டர் விலகும். அது ஓர் உழவரின் புலத்திலிருந்து அண்டைப் புலத்துக்குப் போதுமான தொலைவு.

டைக் பாறையை எடுத்துக்கொள்வோம். பத்து மீட்டர் அகலமுள்ள டோலரைட் டைக், உண்மை அளவில் படத்தில் 0.2 மில்லிமீட்டர்தான். கண்ணுக்குத் தெரிவதற்காக அதைத் தடித்த கோடாக வரைவர். வெடிப்பு குறைந்த டைக், நிலத்தடியில் சுவர் போல் நின்று நீரோட்டத்தைத் தடுப்பதுண்டு. அப்போது மேற்புறக் கிணற்றில் நீர் நிற்கும், கீழ்ப்புறம் வறளும். சுவரின் எப்பக்கம் துளையிடுகிறோம் என்பதில்தான் கடன் வாங்கிக் கிணறு தோண்டும் குடும்பத்தின் நிலை அடங்கியிருக்கிறது. தடித்த கோட்டை மட்டும் பார்த்து இடம் குறித்துக் கொடுக்கலாகாது. படத்தோடு களத்துக்குச் சென்று டைக்கைக் காலால் கடந்து பார்த்துப் பெரிய அளவில் தனிப்படம் வரைந்த பின்னரே பரிந்துரைக்க வேண்டும். அணைக்கும் சுரங்கப்பாதைக்கும் இத்தகைய தனிப்படம் இன்றி எவரும் கையெழுத்திடுவதில்லை. கிணற்றுக்கு மட்டும் அந்த அக்கறை இல்லாமற் போவது வருந்தத்தக்கது.

இளம் நிலவியலாளர்க்குப் பயிற்சியளிக்க ஆய்வுத் துறை ஐதராபாத்தில் பயிற்சி நிறுவனத்தையும், கர்நாடகத்தின் சித்ரதுர்காவில் களப்பயிற்சி மையத்தையும் நடத்துகிறது. மானசகங்கோத்ரியில் பயிலும் மாணவர்க்கோ பல்கலைக்கழக வாயிலைக் கடந்ததுமே களம் தொடங்கிவிடுகிறது. ஆனால் அக்களம் குறைந்துகொண்டே வருகிறது. புதிய குடியிருப்புகள் பாறை வெளிப்பாடுகளை மூடுகின்றன. கற்குவாரிகள் குன்றுகளையே அகற்றுகின்றன. கால்வாய் வெட்டும்போது சில மாதங்கள் புதுப்பாறை முகம் தெரியும். பின்னர்க் காங்கிரீட் பூச்சு அதை மறைத்துவிடும். அந்தச் சில மாதங்களுக்குள் யாரேனும் அவ்வழியே நடந்து, இட எண்ணும் நாளும் இட்டு, பாறையின் பெயரும் சாய்வும் எழுதி வைத்திருந்தால், இனி அவ்விடத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கக்கூடியது அந்த ஒரு பக்கமே.